"அவர்கள் எல்லாரும் அப்படித்தான்": வன்னியில் பெற்றார் கூட்டம் நடத்த வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு முதல் நியமனம் பெற்று வருகிற ஆசிரியர்களுக்கும், பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை, மகளிர் அபிவிருத்தி போன்ற கடமைகளைப் பொறுப்பேற்பவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் இதை எழுதுகிறேன். வந்த இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே உங்களைப் பெற்றார் கூட்டம் ஒன்றை நடத்தச் சொல்வார்கள். பிள்ளையை அடிக்கலாமா, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைத் தேடி அரசாங்கம் வீட்டுக்கு வரலாமா, பதினைந்து வயதில் ஓடிப்போனவர்களை என்ன செய்வது என்று பேச்சுத் தொடங்கும். அரை மணித்தியாலத்துக்குள் யாராவது ஒருவர், "அவர்களுடைய சமயத்தில் அது அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார். அந்த நிமிடத்தோடு பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டங்களில் இதே வேலையைச் செய்தவள் என்ற முறையில், அந்த நிமிடத்தை எதிர்கொள்ளக் கற்றதைச் சொல்கிறேன்.

நான் கற்றது ஒரு தவறிலிருந்து. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபம். இளவயதுத் திருமணம் பற்றிய கூட்டம். ஏறத்தாழ நாற்பது பேர், பெரும்பாலும் தாய்மார். கடைசி வரிசையில் ஒரு முஸ்லிம் தாய், மடியில் துணிப்பை. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து, "அது உங்கள் ஆட்கள்தானே பன்னிரண்டு வயதில் கட்டிக் கொடுப்பது" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. பையின் பிடியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். அவருடைய மகள் அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "சரி, அடுத்த விடயத்துக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டேன். சண்டை வராமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அடுத்த மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவில்லை.

முதலில் ஊரின் கதையைக் கேளுங்கள்

சமயம் என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதப்பட்ட சொல்லை வைத்து ஒரு குடும்பத்தை அறிந்துகொண்டதாக எண்ணாதீர்கள். வன்னியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பின்னால் ஓர் இடப்பெயர்வுக் கதை இருக்கிறது. பிள்ளை வளர்ப்பில் சமயத்தைவிட அதன் தடமே ஆழமானது என்பது என் அனுபவம்.

சைவர் என்ற ஒரே சொல்லுக்குள், வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்த்தி வைக்கும் பழைய வன்னிக் குடிகளும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்களும் அடங்குவர். கிறிஸ்தவர் என்றால் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு நடந்தே போகும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபையினர் இருக்கிறார்கள். போருக்குப் பின் ஓலைக் கொட்டில்களிலும் வீட்டு முற்றங்களிலும் கூடத் தொடங்கிய சிறு சபைகளும் இருக்கின்றன. பங்குத்தந்தையும் சபைப் போதகரும் ஒரே விடயத்தில் ஒரே கருத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

முஸ்லிம்களின் கதையை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முசலி, எருக்கலம்பிட்டி, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று நீங்கள் இன்று பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களிலிருந்து போனவர்கள்தாம். பெரும்பாலானோர் இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வாழ்ந்தார்கள். திரும்பி வந்தவர்களுடைய பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். தாய்க்கு இது சொந்த ஊர், மகளுக்குப் புது ஊர். அந்த மகள் பாடசாலைக்குச் சீராக வரவில்லை என்றால் முதலில் போக்குவரத்தைக் கேளுங்கள், பிறகு புத்தளத்தில் இன்னமும் இருக்கும் அவளுடைய பாட்டியின் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். சமயத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

சட்டத்தைக் கையோடு கொண்டுபோங்கள்

வதந்தியும் முத்திரை குத்துதலும் சட்டம் தெரியாத இடத்தில்தான் செழிக்கின்றன. "அரசாங்கம் சைவப் பிள்ளைகளை மட்டும் பிடிக்கிறது", "அவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை" என்ற பேச்சு எழும்போது, சட்டத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். அவர் நீங்களாக இருங்கள்.

அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரையில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருக்கின்றன. 27(12), குடும்பத்தைச் சமுதாயத்தின் அடிப்படை அலகாக அரசு ஏற்றுக் காக்க வேண்டும் என்கிறது. 27(13), சிறுவரின் நலன்களை அரசு விசேட கவனத்தோடு பேண வேண்டும் என்கிறது. கூட்டங்களில் நடக்கும் வாதம் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. "வீட்டுக்குள் நீங்கள் யார் வர" என்று கேட்கும் தகப்பன் முதல் வரியில் நிற்கிறார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் அழுகிறது, ஏன் ஒருவரும் வரவில்லை" என்று கேட்கும் தாய் இரண்டாவது வரியில் நிற்கிறார். இருவருமே சட்டத்துக்கு உள்ளேதான் பேசுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், மண்டபத்தின் சூடு தணியும். இவற்றோடு 10ஆவது உறுப்புரை தரும் மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும், 12(2) தடைசெய்யும் பாரபட்சத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. மேல் எல்லை 14ஆக இருந்து 2016இல் உயர்த்தப்பட்டது. இவற்றுள் எதுவும் ஒரு சமயத்தாருக்கு என்று எழுதப்பட்டதல்ல. திருமணச் சட்டம் மட்டும் வேறுபடுகிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாளும் இடமும்

எந்தக் கிழமை, எந்த மண்டபம் என்பது சின்ன விடயமாகத் தோன்றும். ஆனால் யார் வருகிறார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வெள்ளி மதியம் வைத்தால் முஸ்லிம் தகப்பன்மார் வரமாட்டார்கள். ஞாயிறு காலை வைத்தால் வேதக்காரர் வரமாட்டார்கள். வெள்ளி மாலை கோவில் பூசை. காலபோக அறுவடைக் காலத்தில் எந்தச் சமயத்தவரும் வரமாட்டார்கள். வராதவர்களைப் பார்த்து, "அவர்களுக்குப் பிள்ளைகளில் அக்கறை இல்லை" என்று வந்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு விதை போட்டது கிழமையைக் குறித்த நீங்கள்தான்.

கோவில் மடத்திலோ தேவாலய மண்டபத்திலோ பள்ளிவாசல் வளவிலோ முதல் கூட்டத்தை வைக்காதீர்கள். பொதுநோக்கு மண்டபம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம், முன்பள்ளி, எதுவும் இல்லாவிட்டால் பாடசாலை வளவு மரநிழல். வந்தவர்கள் தங்கள் தங்கள் ஆட்களோடு சேர்ந்து உட்காருவார்கள். அதைக் கலைக்க நான் செய்வது, பிள்ளையின் தரத்தின்படி உட்காரச் சொல்வது. மூன்றாம் தரத்துப் பிள்ளையின் தாய்மார் ஒரு பாயில், எட்டாம் தரத்தார் ஒரு பாயில். எட்டாம் தரத்துப் பிள்ளையின் தாய்மாருக்குச் சமயம் எதுவானாலும் தொலைபேசியைப் பற்றிய கவலை ஒன்றுதான்.

நோன்பு மாதத்தில் தேநீர் பரிமாறும் கூட்டம் வைக்க வேண்டாம். முஸ்லிம் பாடசாலைகளின் தவணை விடுமுறையும் நோன்பை ஒட்டி மாறும், அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல் விழும்போது

"சோனகர் எல்லாரும்", "அல்லேலூயாக்காரர் எல்லாரும்", "கோவில் கோவில் என்று திரிகிற இந்தச் சைவக்காரர்". எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: ஒரு கூட்டத்தின் பெயர், பிறகு "எல்லாரும்", பிறகு ஒரு குற்றம். நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. அவை உடனே நடக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் உங்கள் மௌனம் ஒப்புதலாகிவிடும்.

பேச்சை நிறுத்துங்கள், ஆளை அவமானப்படுத்தாதீர்கள். "ஐயா, நீங்கள் எந்தப் பிள்ளையை நினைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் சொல்லட்டும். இந்தக் கேள்விக்கு நான் கண்ட விளைவு இரண்டு வகை. ஒன்று, அவருக்கு ஒரு பிள்ளையும் தெரியாது, யாரோ சொன்னதைச் சொன்னார். அது அவருக்கே அப்போது புரியும். மற்றது, உண்மையிலேயே ஒரு பிள்ளை அவர் மனத்தில் இருக்கும். அப்படியானால் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் நீங்கள் பேச வேண்டும், கூட்டம் முடிந்த பின் தனியாக.

அடுத்ததாக, குற்றம் சாட்டப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர் அங்கே இருந்தால், அவரைப் பதில் சொல்லும்படி கேட்காதீர்கள். புதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு இது. "நீங்கள் சொல்லுங்கள் அக்கா, உங்கள் சமயத்தில் அப்படியா?" என்று கேட்டால், பிள்ளையின் தாயாக வந்த ஒருவர் ஒரு முழுச் சமூகத்துக்கும் வழக்கறிஞராக நிற்க வேண்டிவரும். பதிலை நீங்களே சொல்லுங்கள்: "இந்த மண்டபத்தில் யாரும் தங்கள் சமயத்துக்காகப் பதில் சொல்ல வரவில்லை. பிள்ளைக்காக வந்திருக்கிறோம்."

மூன்றாவது, அதே கேள்வியைச் சமயத்தை எடுத்துவிட்டு மண்டபம் முழுவதுக்கும் போடுங்கள். "இந்த ஊரில் பிள்ளைகள் பதினாறு வயதுக்கு முன் குடும்பம் நடத்தப் போவதற்கு என்ன காரணம்?" முன்பு நான் தவறவிட்ட அதே மண்டபத்தில், பின்னொரு நாள் இந்தக் கேள்வியைப் போட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு திருநீறு பூசிய ஓர் அம்மம்மா எழுந்து, "மிஸ், என் மகளுக்கு நான் பதினைந்தில் தாலி கட்டி வைத்தேன்" என்றார். அது 2007. வீட்டுக்கு ஒருவர் என்று போருக்கு ஆள் சேர்த்த காலம். மணமான பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பந்தல் இல்லை, ஐயர் இல்லை, பதிவும் இல்லை. மஞ்சள் கயிற்றைத் தானே முடிந்து கொடுத்ததாக, இரண்டு விரல்களையும் முடிச்சுப் போடுவதுபோல் காட்டிச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் இன்னும் நான்கு பேர் அதே ஆண்டுகளைப் பற்றிப் பேசினார்கள். இருவர் சைவர், இருவர் கத்தோலிக்கர். இளவயதுத் திருமணம் ஒரு சமயத்தின் பழக்கம் என்ற பேச்சை அன்று அங்கே யாரும் எடுக்கவில்லை.

அடிக்கடி வரும் வாதங்கள்

பிள்ளையை அடிப்பது. இதில் எல்லாரும் அவரவர் சமயத்தைத் துணைக்கு அழைப்பார்கள். சைவத் தகப்பன் "அடியாத மாடு படியாது" என்பார். போதகர், பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழியைச் சொல்வார். முஸ்லிம் பெரியவர், பத்து வயதில் தொழாத பிள்ளையைப் பற்றிய நபிமொழியைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் மற்றவர்தான் கொடுமைக்காரர் என்பார். நான் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: உங்கள் சமயத்தில் பிள்ளையிடம் இரக்கம் காட்டச் சொல்லும் இடம் எது? சிறியவருக்கு இரங்காதவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற நபிமொழி பெரியவருக்குத் தெரியும். பிள்ளைகள் மனந்தளரும்படி கோபமூட்ட வேண்டாம் என்று பவுல் தகப்பன்மாருக்கு எழுதியது போதகருக்குத் தெரியும். முருகனைப் பிள்ளையாக்கி மடியில் வைத்துக் கொஞ்சும் பாட்டு சைவத் தகப்பனுக்குத் தெரியும். அவர்களே சொல்லட்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அதன் பின் சட்டத்துக்கு வாருங்கள். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தடைசெய்கிறது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம், சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. வீட்டைப் பொறுத்தவரை மிகைப்படுத்த வேண்டாம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது. ஆனால் சிறுவர், இளம் ஆட்கள் பற்றிய 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பெற்றோரின் தண்டிக்கும் உரிமையைக் கைவைக்காமல் விட்டிருந்தது. "அடித்தால் சிறை" என்று ஒரேயடியாக மிரட்டும் உத்தியோகத்தரை அடுத்த கூட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

திருமண வயது. இங்கே மழுப்பாதீர்கள். பொதுத் திருமணச் சட்டத்தில் 1995 திருத்தத்தோடு குறைந்தபட்ச வயது 18 ஆனது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. பன்னிரண்டுக்குக் குறைந்த சிறுமிக்குக் காதியின் (முஸ்லிம் விவாக விடயங்களை விசாரிக்கும் நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. மணப்பெண்ணின் கையொப்பத்தையும் அது கேட்கவில்லை. இது உண்மையான குறை. சட்டத்தின் குறையைச் சட்டத்தின் மேலேயே வையுங்கள், கடைசி வரிசைத் தாயின் மேல் ஏற்றாதீர்கள். இதை மாற்றச் சொல்லி முன்னால் நிற்பவர்கள் முஸ்லிம் பெண்களே. திருத்தத்தை ஆராய 2009இல் அமைக்கப்பட்ட குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். கூடவே, தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆவது பிரிவின்படி, பதினாறுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு, அவள் சட்டப்படி மணந்த மனைவியாக இல்லாத நிலையில், உறவு கொள்வது அவள் சம்மதித்தாலும் குற்றம் என்பதையும் விளக்குங்கள். பதிவில்லாமல் "சேர்த்து வைத்துவிட்டோம்" என்று சொல்லும் சைவ, கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைக் கேட்டதும் திகைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஞாயிறு வகுப்பு. அறநெறி வகுப்புக்கும் மறைக்கல்விக்கும் இடம்விட்டு ஞாயிறு காலை ரியூசனை அரசு நிறுத்த வேண்டும் என்று ஒரு பகுதியினர் கேட்பார்கள். பிள்ளை எதைப் படிக்கும் என்று அரசு ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று மறு பகுதியினர் கேட்பார்கள். இது நேர்மையான வாதம். சைவப் பெற்றாரும் கத்தோலிக்கப் பெற்றாரும் இதில் ஒரே பக்கம் நிற்பதைப் பார்ப்பீர்கள். வாதிக்க விடுங்கள், அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம்.

ஊசியும் வைத்தியசாலையும். 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி கொடுக்கிறார்கள். சில தாய்மார் கையொப்பமிட மறுப்பார்கள். "சபைக்காரர், ஊசி வேண்டாம் என்பார்கள்" என்று உங்களுடைய சக உத்தியோகத்தரே சொல்லக்கூடும். போய்க் கேளுங்கள். பூநகரிப் பக்கத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் 2013இல் பெண்கள் கருத்தடைச் சாதனம் வைக்க வற்புறுத்தப்பட்டதாக முறையிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி, அரசாங்கத்தின் ஊசி என்றதும் மகளை மறைப்பதற்கு வேதாகமம் காரணமில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், குடும்ப நல உத்தியோகத்தரை அழைத்துப் பேசவைக்கலாம். சமயத்தின் மேல் பழி போட்டுவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. இதே வகைப் பயம் எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் என்னவாகும் என்பதற்கு 2018 பெப்ரவரி அம்பாறை சாட்சி. முஸ்லிம் உணவகச் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகப் பரவிய பொய்யால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் கலந்து மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை.

சமயத் தலைவர்களை அழைப்பது

அழையுங்கள், ஆனால் மேடையில் வரிசையாக உட்காரவைத்துச் சமூகப் பிரதிநிதிகளாக அறிமுகம் செய்யாதீர்கள். குருக்கள், அருட்தந்தை, மௌலவி, போதகர் நால்வரும் ஆண்கள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்திருப்பவள் கீழே பாயில் இருக்கிறாள். அவர்களை முதல்நாளே தனித்தனியாகச் சந்தித்து, கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சிறு சபைப் போதகர்களைச் சந்திக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கேட்கும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் பலர் அலைக்கழிந்தவர்கள். அடையாள அட்டை தொங்கும் ஓர் உத்தியோகத்தர் வாசலில் நின்றால், கொட்டிலை மூடச் சொல்ல வந்ததாகவே நினைப்பார்கள். "பதிவு பற்றிக் கேட்க வரவில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிறுவர் இல்லங்களைப் பற்றிய பேச்சும் இவர்களிடமிருந்தே வரும். மதம் மாற்றவே இல்லம் நடத்துகிறார்கள் என்று ஒரு பக்கம், பொறாமை என்று மறு பக்கம். இல்லங்களைக் கண்காணிப்பது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வேலை. குறிப்பான முறைப்பாடு இருந்தால் எழுத்தில் அங்கே போகட்டும். பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமையால்தான் அங்கே வந்தார்கள் என்பதை மட்டும் இரு பக்கத்துக்கும் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு வாழ்வாதாரம் தேட இரண்டு பக்கமும் சேர்ந்து உழைக்க முடியும்.

நீங்கள் எழுதுவது

கூட்ட அறிக்கையிலும் கோவையிலும் எழுதும் ஒரு வாக்கியம் உங்களுக்குப் பிறகு வரும் உத்தியோகத்தருக்கும் வழிகாட்டும். "முஸ்லிம் குடும்பம், பிள்ளை இடைவிலகல்" என்று நான் ஒருமுறை கோவையில் கண்டேன். அந்தப் பிள்ளை இடைவிலகியது, பஸ் நிறுத்தத்துக்கு நான்கு கிலோமீற்றர் யானைக் காட்டு வழி நடக்க வேண்டியிருந்ததால். கோவையில் யானை இல்லை, சமயம் இருந்தது. காரணத்தை எழுதுங்கள். சமயம் காரணமாக இருந்தால் மட்டும், அதுவும் குடும்பத்தவர் தம் வாயால் சொன்னால் மட்டும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

பிள்ளை ஆபத்தில் இருந்தால்

இதுவரை சொன்ன பொறுமை எல்லாம் கூட்டத்துக்கு. ஒரு பிள்ளை அடிபட்டிருக்கிறது, பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகிறது, சுகவீனமாயிருந்தும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பொலிஸ் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் அறிவியுங்கள். "அது அவர்களுடைய சமய விடயம், நாம் தலையிட்டால் பிரச்சினை" என்று யாராவது உங்களைத் தடுத்தால், அவரும் ஒரு முத்திரையைத்தான் குத்துகிறார். அந்தச் சமயத்துப் பிள்ளைக்கு வலிக்காது என்கிறார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கூட்டத்துக்கு மறுநாள்

சொல்லால் குத்தப்பட்டவரின் வீட்டுக்குப் போங்கள். சொன்னவரின் வீட்டுக்கும் பிறகு போகலாம், முதலில் இவரிடம் போங்கள். கையில் படிவம் வேண்டாம்.

அந்த முஸ்லிம் தாயின் வீட்டுக்கு நான் மூன்று கூட்டங்கள் பிந்தித்தான் போனேன். வீட்டுத்திட்ட வீடு, பூசாத சுவர். மகளின் புத்தகங்கள் சீமெந்துப் பையின் மேல் அடுக்கியிருந்தன. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அன்றைக்கு நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மிஸ்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். பரீட்சை எப்போது என்று மகளிடம் கேட்டேன். பிறகு நாட்குறிப்பேட்டைத் திறந்து, அடுத்த கூட்டத்துக்கு எந்த நாள் வசதி என்று அந்தத் தாயிடமே கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "செவ்வாய் பின்னேரம் வையுங்கள், அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தோட்டத்தில் வேலை இல்லை, இரண்டு பேரும் ஒன்றாக வருவோம்" என்றார்.